தேதி போடாத கவலை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் திருப்பிச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள். வயது 36, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, சம்பளம் கைக்கு 38,000. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் சராசரியாக 7,000 கொண்டுவருகிறார். மூன்று வருடம் முன்பு வங்கியில் வாங்கிய 18 லட்சம் வீட்டுக்கடனுக்குத் தவணை 16,200. மனைவியின் நகை மேல் 1,20,000 கடன். இது போக, மனைவிக்குத் தெரியாமல் ஒரு நண்பரிடம் வாங்கிய கைமாத்து 40,000. மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது, காது அவளிடம் இருக்கிறது, மனம் ஐந்தாம் தேதித் தவணையில் இருக்கிறது. எல்லா நாளும் ஒன்று போலவே போகிறது. "இன்றைய நாளை வாழு என்கிறார்கள், மாதக் கடைசியில் அது எப்படி முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, தீபாவளி போனஸ் 20,000 வந்தால் நகையைத் திருப்புவதா, குடும்பத்தோடு ஊட்டி போவதா என்று ஒரு வரி.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பணம் உண்மையிலேயே பற்றவில்லையா என்பது ஒன்று. பற்றினாலும் பற்றாவிட்டாலும் அது ஏன் மகளின் படுக்கை வரைக்கும் பின்னாலேயே வருகிறது என்பது இன்னொன்று. தியானம், மூச்சுப் பயிற்சி என்று சொல்கிறவர்கள் முதல் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிக்கனம், சேமிப்பு என்று சொல்கிறவர்கள் இரண்டாவதைக் கண்டுகொள்வதில்லை. நான் வேலைக்காலம் முழுக்க வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு கடனில் சிக்கிய குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொடுக்கிறேன். ஆகவே முதல் கேள்விக்கு என் தொழிலிலிருந்து பேசுவேன். இரண்டாவதுக்கு, எதிரே உட்கார்ந்த மனிதர்களைப் பார்த்ததிலிருந்தும் படித்ததிலிருந்தும் பேசுவேன். நான் மனநல மருத்துவர் அல்ல.

முதலில் கணக்கு. நீங்கள் எழுதியதை அப்படியே கூட்டிப் பார்த்தேன். வரவு 45,000. தவணை 16,200, மளிகை காய்கறி பால் எல்லாம் சேர்த்து 15,000, பள்ளி வேன் 1,500, பெட்ரோல் 2,500, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 3,000, நகைக் கடனுக்கு வட்டி மாதக் கணக்கில் ஏறத்தாழ 1,000, கரண்ட் கேஸ் போன் 2,000. கூட்டினால் 41,200. கையில் 3,800 மிஞ்ச வேண்டும். ஆனால் மிஞ்சுவதில்லை, ஏன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் இந்தப் பட்டியல் மாதாமாதம் வருவதை மட்டும்தான் பிடித்திருக்கிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம் 32,000 என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எல்ஐசி பிரீமியம் 12,000. தீபாவளிக்கு 15,000 ஆகும். வண்டிக்கு இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000, அரை வருடத்துக்கு ஒருமுறை வரும் வீட்டு வரி இரண்டும் சேர்த்து 3,000, கல்யாணம் காதுகுத்து சீர் என்று மொய்க்கு 10,000. கடைசி மூன்றும் என் மதிப்பீடு, உங்கள் பக்கத்தில் மொய் இதைவிடக் கூடத்தான் இருக்கும். மொத்தம் 78,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,500.

ஆக மாதம் 3,800 மிஞ்சுகிற வீட்டுக்கு உண்மையில் 6,500 தேவைப்படுகிறது. 2,700 துண்டு விழுகிறது. வருடத்துக்கு 32,400. போனஸ் 20,000 அதில் ஒரு பகுதியை அடைக்கிறது. மீதி 12,400-ஐ வருடா வருடம் நகையும் நண்பரும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஊதாரி இல்லை, சோம்பேறியும் இல்லை. உங்கள் கவலை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் "கவலைப்படாதே, இந்தக் கணத்தில் இரு" என்று யார் சொன்னாலும் அது ஒட்டமாட்டேன் என்கிறது. பொய்யான கவலையைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்கலாம். உண்மையான கவலைக்குப் பதில் சொன்னால்தான் அது எழுந்து போகும்.

இப்படிப் பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் அடகுச் சீட்டுகள், மடித்து மடித்து ஓரம் கிழிந்த வங்கிப் பாஸ்புக், அடியில் நாலைந்து கவர்கள். கவர் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பதிவுத்தபாலில் வந்த ஒரு கவரின் மேல் கறிக்குழம்புக் கறை. சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்ததாகச் சொன்னார். மொத்தக் கடன் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "மூணு லட்சத்துக்குக் குறையாது சார்" என்றார், கண்ணை மேஜையிலிருந்து எடுக்காமல். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டினோம். இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் கறை பட்ட கவரில் இருந்தது நகை ஏல அறிவிப்பு, கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பயத்தில் தொகையை ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக நினைத்திருந்தார். அதே பயத்தில், உண்மையிலேயே அவசரமான ஒன்றைப் பார்க்காமல் விட்டிருந்தார். தொகை தெரியாத கடன் மனதில் வளர்ந்துகொண்டே போகும், தேதி தெரியாத கடன் எல்லா நாளையும் பிடித்துக்கொள்ளும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இதைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளில் ஒன்று நம் ஊரிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் செய்து, 2013-இல் வெளிவந்தது. கரும்புக்காரருக்கு வருடத்தில் ஒருமுறை, வெட்டு முடிந்த பிறகுதான் பணம். வெட்டுக்கு முன்னால் கையில் காசு இருக்காது, அடகும் கைமாத்தும்தான். அதே ஆளிடம் வெட்டுக்கு முன்பும் பின்பும் ஒரே வகையான புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் வந்த பிறகு தெளிவாக நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள், அறிவும் அதே அறிவு, முன்பு மனதின் ஒரு பகுதி வேறெங்கோ மாட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். ஒடிசாவில் இலைத் தட்டு செய்கிற கூலித் தொழிலாளர்களிடமும் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பலர் உடனே போய்க் கடனைக் கொடுத்தார்கள். அப்புறம் அவர்கள் செய்த தட்டுகளின் எண்ணிக்கை கூடியது, வேலையில் கவனப் பிசகும் குறைந்தது.

இதை முழு வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் இதே போலச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் பணமும் மாதாமாதம் வரும் பணமும் ஒரே அழுத்தத்தைத் தராது என்பது ஒரு காரணமாக இருக்கலாம், அது என் ஊகம். ஆனால் மகள் பேசும்போது கவனம் நழுவுவது உங்கள் அன்பின் குறைவு அல்ல என்ற அளவுக்கு இந்த ஆய்வுகளை நம்பலாம். அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றைக்கே இறக்கி வையுங்கள். கவலைக்கு மேல் இன்னொரு கவலையாக அது உட்கார்ந்திருக்கிறது.

இன்னோர் ஆய்வையும் பலர் மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 2010-இல் 2,250 பேரின் போனுக்கு எதிர்பாராத நேரத்தில் கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறாய், மனம் அதில் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதி நேரம், 47 சதவீதம், மனம் வேறெங்கோ இருந்தது. அலையும் மனம் மகிழ்ச்சியற்ற மனம் என்று தலைப்புக் கொடுத்தார்கள், அந்தத் தலைப்பு மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. உள்ளே படித்தால், இனிமையான விஷயத்துக்கு அலைந்த மனம் கீழே போகவில்லை. கசப்பான விஷயத்துக்குப் போனபோதுதான் பெரிதாகக் கீழே இறங்கியது. அதனால் மனம் அலைவதை நிறுத்தப் பாடுபட வேண்டாம். அது போய் முட்டுகிற இடத்தைச் சரிசெய்வதுதான் வேலை.

சரி, எப்படி? 1983-இல் அமெரிக்க உளவியலாளர் போர்க்கோவெக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு முறையைச் சோதித்து எழுதினார்கள். இன்றைக்கும் பதற்றத்துக்கான சிகிச்சையில் அதைப் பயன்படுத்துகிறார்கள். நாளுக்கு அரை மணி, அதே நேரம், அதே இடம், கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அதோடு சண்டை போடாமல், "உனக்கு நேரம் இருக்கிறது, அப்போது பார்க்கலாம்" என்று தள்ளிவைத்துவிட்டு, கண் முன்னால் நடப்பதற்குக் கவனத்தைத் திருப்ப வேண்டும். குறித்த நேரம் வந்ததும் உட்கார்ந்து முழுசாகக் கவலைப்பட வேண்டும், முடிந்தால் ஒரு தீர்வையும் யோசிக்க வேண்டும். கவலைக்கு நேரம் கொடுத்த பிறகுதான் இன்றைய நாள் கைக்கு வருகிறது என்பதை இதில் கவனியுங்கள். 2011-இல் வந்த இன்னோர் ஆய்வும் இதற்குத் துணை. முடிக்காத வேலை மனதில் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். ஆனால் எப்போது, எப்படி முடிப்பேன் என்று திட்டம் எழுதினாலே, வேலை முடியாவிட்டாலும்கூட அந்தத் தொந்தரவு குறைகிறது என்று கண்டார்கள்.

வீட்டுக்கணக்குக்கு நான் இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் அரை மணி என்றால் வேலைக்குப் போய் வருகிறவரால் முடியாது, பத்து நாளில் விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு ஆனதும் அரை மணி, நீங்களும் மனைவியும். ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் அடுத்த முப்பது நாளில் போக வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் தேதி, வலது பக்கம் வர வேண்டியதற்குத் தேதி. வருடச் செலவுகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கம், மாத வாரியாக. சம்பளம் வந்த மறுநாளே அதற்கான பங்கு வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விட வேண்டும், அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு பர்சில் இருக்கக் கூடாது. வாரத்தின் நடுவே கவலை வந்தால் போனில் ஒரு வரி குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் கவலை இதைக் கேட்காது. ஞாயிறு உண்மையிலேயே உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று அதற்குப் பழகின பிறகுதான் அடங்கும். ஒன்றிரண்டு ஞாயிறை விட்டால் பழையபடி ராத்திரி வந்து நிற்கும். இது ஆய்விலிருந்து அல்ல, என் முன்னால் உட்கார்ந்தவர்கள் சொன்னதிலிருந்து சொல்கிறேன்.

இப்போது அந்த 40,000. வட்டி இல்லாத கடன் அது ஒன்றுதான். ஆனால் உங்கள் கேள்வியில் அதைப் பற்றித்தான் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், வீட்டுக்கடன் பற்றி ஒரே இடத்தில். வங்கித் தவணைக்குத் தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, மாதத்தில் ஒருநாள் வந்து போய்விடும். நண்பர் கேட்கவும் இல்லை, தேதியும் சொல்லவில்லை. அதனால் அவர் போனில் கூப்பிட்டால் எடுக்கவே மனம் வரவில்லை, டீக்கடையில் பார்த்தாலும் சங்கடம். அவரிடம் நீங்களாகவே போய், இன்ன மாதத்திலிருந்து இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். இரண்டாயிரம்தான் முடியும் என்றால் இரண்டாயிரம். சொன்ன அன்றைக்கே பாதி பாரம் இறங்கும்.

அதற்கு முன்னால் மனைவியிடம் சொல்ல வேண்டும். இதில் நான் தயங்காமல் சொல்கிறேன். மறைத்த கடனோடு எந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் நிற்காது. நோட்டில் எழுத முடியாத ஒரு வரி இருந்தால் அந்த நோட்டே பொய். என் அனுபவத்தில், கணவன் மறைத்த கடன் மனைவிக்கு அரைகுறையாகத் தெரிந்தேதான் இருக்கும். தொகை மட்டும் தெரியாது, அதனால் அவரும் தன் பங்குக்குப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டிருப்பார். சொன்னால் சண்டை வரலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது, உங்கள் வீட்டை நீங்கள்தான் அறிவீர்கள்.

துண்டு விழுகிற பணத்தை எங்கே தேடுவது? மளிகையில் பிடிக்கச் சொல்லமாட்டேன், 15,000-இல் மூன்று பேர் சாப்பாட்டுக்குக் குறைக்க ஒன்றுமில்லை. முதலில் வீட்டுக்கடனைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டிக்கு ரெப்போ வட்டி என்று பெயர். அது 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்து, ஜூனுக்குள் 5.5-க்கு வந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, பெரும்பாலும் ரெப்போவோடு. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும், ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டி குறையும்போது பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தைத்தான் குறைக்கும், அதனால் உங்கள் கையில் எதுவும் தெரியாது. கிளைக்குப் போய், காலம் பழையபடி இருக்கட்டும், தவணையைக் குறைத்துக்கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். 9 சதவீதத்திலிருந்து 8-க்கு வந்திருந்தால், மூன்று வருடம் கட்டிய உங்கள் கடனில் மாதம் சுமார் 1,000 ரூபாய் குறையும். கடைசியில் மொத்த வட்டி கூடுதலாகக் கட்டுவீர்கள் என்பது உண்மை. கையில் பணம் இருக்கிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் தவணையை வேகமாக அடைத்துக்கொண்டு, மறுபக்கம் நகையை வைத்துக் கடன் வாங்குகிற வீட்டுக்கு இதுதான் சரி. நிலைமை சீரான பிறகு முன்கூட்டியே கட்டலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அதற்கு அபராதம் கிடையாது.

அடுத்தது நகை. இது என் கருத்து, விதி அல்ல. நகைக் கடனை வட்டி மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் வட்டி போகிறது, நகை வீட்டுக்கு வரவும் இல்லை, கழுத்தில் ஏறவும் இல்லை. நீங்கள் வைத்த காலத்தில் நகை மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் கடன் தரக் கூடாது என்பது விதி. 2024-லும் 2025-லும் தங்கம் ஏறிய ஏற்றத்தில் அந்த நகையின் இன்றைய மதிப்பு கடனைவிட நன்றாகவே கூடியிருக்கும். அதில் ஒரு பகுதியை விற்றால் நகைக் கடனும் தீரும், நண்பரின் கைமாத்தும் தீரும், மீதி நகை வீட்டுக்கு வரும். ஆனால் அது மனைவிக்கு அவர் வீட்டில் போட்ட நகை, முடிவும் அவருடையது. அவர் வேண்டாம் என்றால் பேச்சு அங்கே முடிந்தது, மெதுவாகத்தான் அடைக்க வேண்டும். விற்ற பிறகு தங்கம் இன்னும் ஏறலாம், அப்போது மனசு கேட்காது, அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் சரி என்றால் கணக்கு இப்படி மாறுகிறது: வருடத்துக்கு 12,400 துண்டு விழுந்த இடத்தில், தவணையில் 12,000, வட்டியில் 12,000 மிச்சம். கிட்டத்தட்ட மாதம் ஆயிரம் ரூபாய் மேலே நிற்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வருடா வருடம் குழிக்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவே அந்த ஆயிரம்தான் இருக்கிறது.

இனி ஒரே மாதிரி நாள் என்பதற்கு வருகிறேன். இதில் நீங்கள் ஒரு பாதியைத்தான் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் வாங்கி, ஒன்பதுக்குக் கம்பெனி, பையர் மெயில், சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி, ராத்திரி எட்டுக்கு வீடு. அலுப்பு வருவது நியாயம். ஆனால் வழக்கம் என்பது தலைக்கு ஓய்வு கொடுக்கிறது. எதை எப்போது செய்வது என்று யோசிக்க வேண்டாத நேரத்தில்தான் மனம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை இதுவரை தவணை பிடித்துவைத்திருந்தது. வழக்கத்தைக் கலைத்துப் புதுசாக எதையாவது செய்தால் வாழ்க்கை வந்துவிடும் என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அதற்கும் கடன் வாங்கினார்கள்.

உங்கள் நாளில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. மகளுக்குக் காலையில் சடை பின்னுவதை மனைவி அவசர அவசரமாகச் செய்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து, சீப்பின் முனையால் நடு வகிடு நேராக எடுத்து, இந்தப் பக்கம் மூன்று பிரி, அந்தப் பக்கம் மூன்று பிரி, கடைசியில் ரிப்பனை மடித்து மேலே தூக்கிக் கட்ட வேண்டும். முதல் வாரம் வகிடு கோணும், ஒரு சடை மேலே ஒன்று கீழே நிற்கும், அவள் கத்துவாள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது தவணை நினைப்புக்கு இடம் குறைவு, முடியைப் பிடித்த பிடியை விட்டால் பின்னல் அவிழ்ந்துவிடும். படுத்துக்கொண்டு சும்மா கேட்கும்போது நழுவுகிற மனம் இங்கே அவ்வளவு நழுவாது. ராத்திரி சொல்லாத கதையை அவள் காலையில் சொல்லத் தொடங்கலாம். முகம் தெரியாமல் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகள் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்பது நான் என் பேத்தியிடம் கண்டது.

தியானத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2014-இல் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மருத்துவத் தொகுப்பு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஓரளவு பலன் உண்டு, ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்ற பிற வழிகளைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை என்று சொன்னது. பிடித்தால் செய்யுங்கள், பணம் கட்டி வகுப்புக்குப் போக வேண்டாம். மாலையில் அரை மணி நடந்தாலும் நல்லதுதான்.

எனக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. வேலை போய்விட்டது, வீட்டில் பெரிய வைத்தியச் செலவு, ஆப் கடன் ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போயிருந்தால் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை நோட்டு போதாது, அதற்கு வங்கியில் நேரே உட்கார்ந்து தவணையை மாற்றியமைக்கப் பேச வேண்டும். வசூல்காரர்கள் மிரட்டினால், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் தவணை பாக்கிக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு இருக்கிறது, எழுத்தில் புகார் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, வாரக் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நான் இல்லாமல் போனால் கடன் தீரும் என்கிற மாதிரி நினைப்பு ஒருமுறையாவது வந்தது என்றால், இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, இருந்தாலும் இதைச் சொல்லாமல் நான் இந்தப் பதிலை அனுப்பமாட்டேன்.

கடைசியாகப் போனஸ். 20,000 ஏற்கெனவே பேசிவைத்த பணம். 15,000 தீபாவளிக்குப் போனது போக மீதி அடுத்த ஜூன் பள்ளிக் கட்டணத்துக்கு. அதனால் நகையைத் திருப்பவும் அது இல்லை, ஊட்டிக்கும் இல்லை. ஆனால் குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போக ஊட்டிதான் வேண்டும் என்று இல்லையே. உடுமலைக்கு பஸ், அங்கிருந்து திருமூர்த்தி மலை. தண்ணீர் இருக்கிற காலமாகப் பார்த்துப் போனால் பஞ்சலிங்க அருவியில் குளிக்கலாம், வீட்டிலிருந்தே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மாதம் மிஞ்சப்போகிற ஆயிரத்தில் முதல் மாதத்தையே இதற்கு வையுங்கள் என்பேன். சேமிப்பு இரண்டாம் மாதத்திலிருந்து தொடங்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நகைக் கடன் வங்கியிலா, பைனான்ஸ் கம்பெனியிலா, எத்தனை சதவீதம், எந்த மாதம் கெடு என்று நீங்கள் எழுதவில்லை. பைனான்ஸ் கம்பெனி என்றால் வட்டி நான் போட்ட ஆயிரத்தைவிடக் கூடவே இருக்கும், கணக்கு மாறும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அடகுச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடுவுக்கு இரண்டு மாதத்துக்குள் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான், போனஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சீட்டில் உள்ள விவரத்தை எழுதுங்கள், மீதியைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.